இரண்டு சிட்டிகை உப்பு

காரைக்குடியில் முப்பத்தொன்பது டிகிரி.
பெர்கனில், பாறைக்கு அடியில், எங்கள் செம்புக் குடுவைக்குள்
தனிச்சுழியத்துக்கு மேலே
ஒரு டிகிரியில் ஐம்பதில் ஒரு பங்கு.
இரண்டுக்கும் நடுவில் நான்,
மணிக்கட்டில் பாஸ்பாரிக் அமிலம் தெறித்த வடுவோடு.

காந்தத்தைச் சுற்றியவர்கள் கிரெனோபிள்காரர்கள்.
பெருக்கிச் சில்லு செண்டாயிலிருந்து போனது,
பஞ்சுக்குள் பஞ்சு வைத்து.
குடுவைக்கும் அதனுள் திரும்பும் தண்டுக்கும்
மெருகு போட்டது நாங்கள்:
நானும் சகாயராணியும் அரைகுறையாய்க் குளிரும் ஒரு ஏசியும்.
பார்க்க வருகிறவர்கள்
"முட்டை வெள்ளைக்கரு பூசினீர்களா?" என்பார்கள்.
செட்டிநாடாம். சிரித்தாக வேண்டும்.
இல்லை சார். இரண்டு வோல்ட், நாற்பது நிமிடம்.

தேடுவது ஒரு துகளை.
இருந்தால், காந்தத்துக்குள் எப்போதாவது
ஒரு ஒளித்துகளாய் மாறும்.
அந்த ஒன்றைக் கேட்க
வெறுமையின் இரைச்சலையே பிழிகிறோம்.
ஒரு பக்கம் இறுக்கினால் மறுபக்கம் பிதுங்கும்,
பாதி குடித்த தண்ணீர்ப் பாக்கெட் மாதிரி.
பிதுங்கும் பக்கத்தில் காது வைக்காதே,
குவாண்டம் வித்தை அவ்வளவுதான்
என்பாள் மார்த்தே.

இரண்டு வருடமாக ஒன்றும் கேட்கவில்லை.
கேட்காததையும் கணக்கில் ஏற்றுகிறோம்:
இந்த அலைவரிசையில் இல்லை.
இதிலும் இல்லை.
வரவுப் பத்தி காலியாகவே ஓடும் பேரேடு.
எங்கள் ஊரில் எவனும் இதற்குக் கடன் தரமாட்டான்.

சரி, கேட்கத்தான் செய்கிறோமா?
அதற்குத்தான் உப்பு.
யாருக்கும் சொல்லாமல்
ஒரு பொய்ச் சமிக்ஞையை உள்ளே தூவுவது.
எந்த இடம் என்று ஒரே ஒருவருக்குத் தெரியும்.
தரவைத் தொடாத ஆள் வேண்டும் என்றார்கள்,
எல்லோருக்கும் தூரமான ஆள்.
பெயர் வந்தது: உமையாள், காரைக்குடி.

இரண்டு எண்கள் எழுதினேன்.
உறையிலிட்டு அமில அலமாரியில் பூட்டினேன்.
ஏழு மாதம்
கல்லுக்கட்டியில் கத்தரிக்காய் பொறுக்கும்போதும்
நாக்குக்கு அடியில் கிடந்தன அவை.

பிப்ரவரியில் ஒரு மேடு எழுந்தது.
ஹயாசகா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.
முதுகுவலிக்காரர், எழவே மாட்டார்.
மார்த்தே அழுதாள்.
நான் கேமராவை அணைத்தேன்.
கரண்ட் போச்சு என்று எழுதிப் போட்டேன்.

நேற்று உறை திறக்கும் நாள்.
இரவு ஒன்பதரை.
நாற்பத்தாறு முகங்கள், நாற்பத்தாறு கட்டங்கள்.
முதல் எண்ணைப் படித்தேன்.
பெருமூச்சு, கைதட்டல், கொஞ்சம் துக்கம்.
துகள் இல்லை; காது இருக்கிறது.
யாரோ ஒயின் திறக்கும் சத்தம்.

"இன்னொன்றும் இருக்கிறது" என்றேன்.

அங்கே எதுவும் எழுந்திருக்கவில்லை.
போட்ட உப்பு
போட்ட சுவடு தெரியாமல் கரைந்திருந்தது.
அந்த இடத்தில் 'இல்லை' என்று நாங்கள் எழுதியது
இல்லாததால் அல்ல.

தண்டு எந்தக் கோணத்தில் நின்றது அப்போது?
நூற்றுப் பன்னிரண்டு, என்றாள் மார்த்தே.

அந்தப் பக்கத்தை எனக்குத் தெரியும்.

பதிவேட்டை எடுத்தேன். மே பதினான்கு, என் கையெழுத்து:
'மின்தடை, பதினோரு விநாடி. சுழற்சி நின்றது.
பொருட்படுத்தத் தக்கது அல்ல.'
"மறுபடி போட்டுடலாமாக்கா?" என்று சகாயராணி
அன்றைக்குக் கேட்டாள்.
பார்சல் வண்டி வாசலில் நின்றது,
டிரைவர் ஹாரனை விட்டபாடில்லை.

வாசித்துக் காட்டினேன்.
நாற்பத்தாறு கட்டங்களும் ஊமை.
பிறகு ஒரு மைக் திறந்தது. ஹயாசகா:
"வளையம் எத்தனை மைக்ரான் இருக்கும்?"

மன்னிப்பு இல்லை, கோபம் இல்லை. மைக்ரான்.
முதன்முறையாக அன்றிரவு மூச்சு விட்டேன்.

தண்டு திரும்பி வருகிறது, சுங்கத்தில் ஒன்பது நாள்.
பதிவேட்டில் எதையும் அழிக்கக் கூடாது, விதி.
ஒற்றைக் கோடு, தேதி, சுருக்கொப்பம்.
நான் 'அல்ல'வை மட்டும் அடித்தேன்.