முதல் வீடு

தெருப் பலகையில் தனகோட்டி பெயர்.
முதலில் குடியேறியவராம்.
கவுன்சிலர் சால்வை போர்த்தினார்.
நாங்கள் இரண்டாவது வீடு; எனக்குத் தெரியும்.

அவர் ஓசூர் வேலையிலிருந்து
ஞாயிற்றுக்கிழமை வருவார்.
பள்ளிக்கரணைச் சதுப்பில்
லாரிக்காரனோடு மல்லுக்கட்டி
எங்கோ இடித்த வீடுகளைக் கொட்டவைத்தவள் குப்பம்மா.
ஏழு மாச வயிற்றோடு
சிமெண்ட் மூட்டைகளுக்குக் காவல் படுத்தவள்.
கண்ணாடி விரியனை அடித்த கழியில்தான்
மறுநாள் துணிக்கொடி கட்டினாள்.

எங்கள் சாமான் வந்து இறங்கிய மழையில்
முழங்கால் தண்ணீரில் நடந்துவந்து
ஒரு குடம் நல்லதண்ணீர் வைத்துவிட்டுப் போனாள்,
பேர்கூடச் சொல்லாமல்.

இன்று பலகைக்கு அடியில்
குழாய்க்குப் பள்ளம் தோண்டுகிறார்கள்.
நாலடிக் கீழே
நீலநிறக் குளியலறை ஓடு ஒன்று,
யார் வீட்டதோ.

குப்பம்மா எட்டிப் பார்க்கிறாள்.
"அது ஆறாவது லோடு."