ஐம்பத்திரண்டு நிமிடம்

வுப்பர்டால், பார்மன். இரண்டாம் மாடி.
ஜன்னலுக்கு நேரே, ஆற்றுக்கு மேலே,
முதுகில் கொக்கி மாட்டித் தொங்கவிட்டதுபோல
ரயில் போகிறது.
சந்திரமதி அதையே பார்க்கிறாள்.
முப்பத்தாறு வயது. ஏழாவது வாரம். வீட்டில் இரண்டு பிள்ளைகள்.
விடியற்காலையில் ஹோட்டல் படுக்கை முப்பது விரித்துவிட்டு வந்த கை
மேசைமேல் கிடக்கிறது.

எனக்கு விதி ஒன்றுதான்.
சொன்னதைச் சொல்.
கூட்டாதே, குறைக்காதே, தலையாட்டாதே.

திருமதி ஹோல்ஷர் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டுச்
சட்டம் கேட்கிற வாக்கியத்தைச் சொன்னார்:
"இந்த ஆலோசனை பிறவாத உயிரைக் காப்பதற்கானது.
முடிவு உங்களுடையது."
ஜெர்மனில் இரண்டுக்கும் நடுவே
ஒரு முற்றுப்புள்ளி போதும்.
தமிழில் எனக்கு ஓர் 'ஆனால்' வேண்டியிருந்தது.
போடவில்லை.
நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

பிறகு உதவிகள்.
பிள்ளைக்கு மாதம் இவ்வளவு,
பெற்றோர் விடுப்பு,
தொட்டில் வாங்க ஒரு நிதி.
காத்திருக்கும் அறையில் கிடந்த செய்தித்தாளில்
இந்த நாட்டின் வயதுகளை வரைந்திருந்தார்கள்:
தலை பெருத்து, அடி சிறுத்து,
சாயப்போகும் குடம் மாதிரி.
சந்திரமதியும் அதைப் பார்த்திருக்கிறாள் போல.
சிரித்தாள்.

ஏன் சிரிக்கிறார் என்று கேட்கச் சொன்னார்கள். கேட்டேன்.

"எங்க அக்காவுக்குத் தோட்டத்து ஆஸ்பத்திரியில
ரெண்டாவது புள்ளையோட நிப்பாட்டிட்டாங்க.
கைநாட்டு வாங்கினாங்க. என்னா தாளுன்னு சொல்லல.
ஐந்நூறு ரூவா, ஒரு வாரம் லீவு.
அங்க நாங்க கூடிப்போயிட்டோம்னு கணக்கு.
இங்க கொறஞ்சிபோச்சாம்.
எங்க போனாலும் ஒரு கணக்குப்புள்ள நிக்கிறான்."

யாழ்ப்பாணத்தில் பிறந்த எனக்கு
அந்த மலைத் தமிழைப் பிடிக்கவே ஒரு நொடி ஆனது.
'கணக்குப்பிள்ளை'க்குக் கிடைத்த ஜெர்மன் சொல்லில்
கணக்கு இருந்தது.
பிள்ளை இல்லை.

திருமதி ஹோல்ஷர் பேனாவை மூடினார்.
"காரணம் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை."
"தெரியும். சும்மா சொன்னேன்."

சான்றிதழ் அச்சுப்பொறியிலிருந்து சூடாக வந்தது.
"வாசிங்க," என்றாள் என்னிடம். "எல்லாத்தையும்."
வாசித்தேன். பெயர், பிறந்த தேதி, சட்டப் பிரிவு,
தொலைபேசி இலக்கம்,
முத்திரைக்குள் வட்டமாக ஓடிய எழுத்து,
யார் அச்சடித்த படிவம் என்று ஓரத்தில் எறும்பு அளவில் இருந்ததுகூட.
அவள் விரல் வரிக்கு வரி நகர்ந்தது,
தெரியாத மொழியின் மேல்.

"நடுவில் மூன்று முழு நாட்கள். அதன் பிறகே மருத்துவர்."
"மூணு நாள் எதுக்கு?"
"யோசிக்க."
"மூணு வாரமா ராத்திரி ராத்திரி
நான் என்னா செஞ்சேன்னு நெனக்கிறாங்க?"

அதையும் சொன்னேன்.
சொல்லும்போது என் குரல்
தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது. தவறுதான்.

கீழே பேக்கரியில் கசகசா தூவிய ரொட்டி நான்கு கேட்டாள்.
காசை எண்ணினாள்.
இன்னொன்றும் கேட்டாள்.
நான் அதற்கு அர்த்தம் பார்க்கவில்லை.
பசித்திருக்கலாம்.

இரவு என் கட்டணப் படிவத்தை நிரப்பினேன்.
மொழி: தமிழ்.
நேரம்: ஐம்பத்திரண்டு நிமிடம்.
முடிவு என்று ஒரு கட்டம் அதில் கிடையாது,
நல்லவேளை.
சிறப்புக் குறிப்பு என்று இருந்த இடத்தில் எழுதினேன்:
ஒரு சொல் மொழிபெயர்க்கப்படவில்லை.