குளிர்ந்த எஞ்சின்

பாலையூற்றில், காலை ஆறரை.
மரியநேசன் தறப்பாளை உருவுகிறார்.
உள்ளங்கையை எஞ்சினில் வைக்கிறேன்:
சுடுகிறது.
கன்னியா ஊற்றென்றால் சரி,
இதற்கென்ன விடியலிலேயே காய்ச்சல்?
"இப்பதான் பாணுக்குப் போய் வந்தனான்."
பாணைக் காணவில்லை.

நாற்பத்தோராயிரம் என்கிறது மீற்றர்.
வழுவழுத்துப்போன கால்மிதி ரப்பர்
வேறு கணக்குச் சொல்கிறது.
செயினை விரலால் இழுத்தேன்,
பல்லை விட்டு அரை அங்குலம் எழும்பியது.
முன் போர்க்கில் எண்ணெய் வியர்வை.
ஆரக்கம்பிகளில் உப்புப் பூத்திருக்கிறது;
இந்தக் கடற்காற்றில் பத்து வருஷம் நின்றால்
எனக்கும் பூக்கும்.

பருத்தித்துறை போய், அங்கிருந்து தெவுந்தர முனை,
பிறகு கரையைப் பிடித்தபடி வீடு.
நடுவழியில் நின்றால் தள்ள நான் ஒருத்தி.
இதை அவரிடம் சொல்லவில்லை.
சொன்னால் விலை ஏறும்.

பின்பக்கம் வந்து குந்தினேன்.
பிடிகம்பி முழுக்கத் துரு,
இடப்பக்கம் நாலு விரல் அகலம் தவிர.
அங்கே மட்டும் குரோம் பளபளக்கிறது.
என் பார்வை நின்ற இடத்தை அவரும் பார்த்தார்.
"செயினுக்குப் பதினையாயிரம் குறைப்பம்" என்றார்,
நான் வாய் திறக்கும் முன்பே.
பிறகு தறப்பாளை மடிக்கத் தொடங்கினார்,
மடித்ததையே மறுபடி.

சாவியைத் திருப்பிக் கொடுத்தேன்.
நாளைக்கு வாறன், அதுவரை தொடாதேங்கோ.
போகிற வழியெல்லாம் ஒவ்வொரு விடியலும்
இது குளிர்ந்துதான் கிடக்கும்,
பெயர் தெரியாத முற்றங்களில், பனியில்.
எத்தனை உதைக்கு எழும்புது எண்டு
அதுதான் எனக்குத் தெரியவேணும்.