எல்லாமே சிவப்பு வயர்

ஒரே ஒரு சுருள்தான் வாங்கினான் நிஹ்மத்,
மத்திய வீதியில், கழிவு விலைக்கு.
நூறு யார். சிவப்பு.
லைற்றுக்கும் அதுதான், ஹோர்னுக்கும் அதுதான்,
எஞ்சினுக்குப் போகிறதுக்கும்
அதிலிருந்து வருகிறதுக்கும் அதுதான்.
"எனக்குத் தெரியும்தானே" என்றான்.
அவனுக்குத் தெரியும்தான்.
அவன் இப்போது டோஹாவில்.

மொறிஸ் மைனரின் வயிற்றுக்குள்
லைற் ஏஸ் வானின் எஞ்சினை நாங்கள் இறக்கியது
உப்புவெளியில், என் வளவில்,
வேப்பங்கொப்பில் செயின் புளொக் கட்டி.
கொப்பு முறியவில்லை.
மற்ற எதுவும் சரியாக நடக்கவில்லை.
கியர்த் தண்டு வந்து நின்ற இடத்தில் ஓட்டை இல்லை,
தகரத்தை வெட்டினோம்.
விசிறி றேடியேற்றரில் முட்டியது,
றேடியேற்றரை முன்னுக்குத் தள்ளினோம்.
கிறில் பொருந்தவில்லை,
கழற்றிக் கோழிக்கூட்டுக்குக் கதவாக்கினோம்.
ஒரு பிழையை அடுத்த பிழையால் நகர்த்தி நகர்த்தி
ஒரு கார் செய்தோம்.

பதினொரு நாள் ஓடியது.
பன்னிரண்டாம் நாள், கன்னியா போகிற வழியில்,
வெட்டி ஒட்டிய புறொப்பெல்லர் சாஃப்ற்
ஒட்டிய இடத்திலேயே விட்டது.
அந்த மாதம்தான் பெற்றோல் வரிசை தொடங்கியது.
அந்த வருஷம்தான் நிஹ்மத்துக்கு விசா வந்தது.

மூன்று வருஷம் மதிலோரம்.
எயார் கிளீனருக்குள் குளவி மண்வீடு வைத்தது.
பின்சீற்றின் பஞ்சுக்குள் எலி ஆறு குட்டி போட்டது.
கௌசிகா பொனற்றில் மிளகாய் காயப்போட்டாள்.
"இதுக்காவது உதவுதே" என்றாள்.

இந்த வைகாசியில்
சீனக்குடாவில் நிமல்சிறியின் லேத்திலிருந்து
புது சாஃப்ற் வந்தது,
நாலு தரம் சுழற்றிப் பார்த்து, நிறை ஒட்டி.
பற்றறி பூட்டினேன். சாவியைத் திருப்பினேன்.
வைப்பர் ஆடியது.

இரவு பதினொன்றுக்கு வீடியோவில் வந்தான் நிஹ்மத்,
வேலை முடிந்து, தட்டுக்கட்டிலின் கீழ்த்தட்டில் கிடந்தபடி.
போனைக் கிட்டக் கொண்டுபோ என்றான். இன்னும் கிட்ட.
"அது இல்ல. பக்கத்தில ஒண்டு முடிச்சுப் போட்டிருப்பன்.
ஒரு முடிச்செண்டா எர்த்.
ரெண்டெண்டா கொயில்.
பல்லால கடிச்ச அடையாளம் இருக்கா? அது ஓல்டனேற்றர்."

முடிச்சுகள் இருந்தன.
கிறீசுக்கும் தூசிக்கும் கீழே
பேன் பார்ப்பதுபோல் தடவித் தடவி எண்ணினேன்.
கடித்த தடமும் இருந்தது,
முன்பல்லில் பாதி உடைந்த ஒருவன் கடித்த தடம்.

புத்தகத்தில் எழுதியிருக்கிற எஞ்சின்
எந்த இரும்புக்கடைத் தராசிலோ விலைபோயாச்சு.
கடதாசி வைத்து, பென்சிலால் தேய்த்து
இந்த எஞ்சினின் இலக்கத்தை எடுத்த உத்தியோகத்தர்
பொனற்றை மூடாமல் கனநேரம் நின்றார்.
"ஆர் வயர் பண்ணினது?"
"சினேகிதன்."
"எல்லாமே சிவப்போ?"
"ஓம்."
பிறகுதான் கையெழுத்து வைத்தார்.

நேற்று றோட்டில் இறக்கினேன்.
ஜமாலியா தாண்டும்போது
சைக்கிளில் போன ஒருத்தர் எட்டி உள்ளே பார்த்தார்,
சத்தம் ஒன்று, உருவம் ஒன்றாக இருந்ததால்.
உவர்மலை ஏற்றத்தில் செக்கண்ட் கியர்.
சூட்டு முள் பாதியில் நின்று யோசித்தது.
நானும் யோசித்தேன்.
அது மேலே போகவில்லை. நான் போனேன்.

கோட்டை வாசலில் மான்கள் றோட்டில் படுத்திருந்தன.
பிறேக்கை மிதித்தேன், ஹோர்ன் அடித்தது.
விட்டு மிதித்தேன், மறுபடியும் அடித்தது.
ஒரு மான் மட்டும் ஒரு காதைத் திருப்பியது.
மற்றதுகள் அசைபோட்டபடியே கிடந்தன,
கச்சான் கடைக்காரிதான் எழும்பி விலகினாள்.

எஞ்சினை நிறுத்தாமல் போனைப் பொனற்றில் வைத்து
நாற்பது செக்கன் அந்தச் சத்தத்தை மட்டும்
பதிந்து அனுப்பினேன்.
இரண்டு நீலக் கோடு.
பதில் இல்லை.

இன்று காலை பத்துக்கு வந்தது:
"மூண்டாவது டெப்பெற் அடிக்குது மச்சான்.
உனக்குக் கேக்கல்லியா?"

திறந்து பார்க்கப் போனேன்.
அதற்குள் கௌசிகா
பொனற் முழுக்க மிளகாய் பரப்பியிருந்தாள்.