எட்டாவது துளைக்கு மேல்

பரிசெல்லாம் கொடுத்து முடித்து
பேண்டுக்காரர்கள் பெரிய டிரம்மை லாரியில் ஏற்றிய பிறகுதான்
கறுப்பினப் பெண்களுக்கான உயரம் தாண்டல்.
ஓக்லஹோமா, ஹார்ட்லி கவுண்டி, முப்பத்து நான்கு ஜூன்.
காற்றில் மண். பல்லில் மண்.

நல்ல தூண்களை நகரப் பள்ளிக்காரர்கள் கொண்டுபோய்விட்டார்கள்.
மிச்சமிருந்தது
என் அப்பா சின்னப் பிள்ளைகளுக்கென்று இழைத்த ஜோடி.
எட்டுத் துளைகள்.
எட்டாவது, நான்கடி பத்து அங்குலம்.
அதற்கு மேல் துளையிட அவருக்குத் தோன்றவில்லை.
அவரைச் சொல்லிக் குற்றமில்லை,
மரமும் அவ்வளவுதான் இருந்தது.

ஆர்லீன் டாக்கெட்
மாவுச் சாக்கில் தைத்த கவுனை
முழங்காலுக்கு மேல் கயிற்றால் இறுக்கிக்கொண்டாள்.
முதுகில் சாக்கின் எழுத்து இன்னும் வெளுக்கவில்லை:
நாற்பத்தெட்டு பவுண்டு, நன்கு சலித்தது.

மற்றவர்கள் ஐந்தாம் துளையோடு நின்றார்கள்.
இவள் ஆறு. ஏழு. எட்டு.
கம்பு அசையவில்லை.
மரத்தூளை உதறி எழுந்தவள்
"இன்னும் ஏத்துங்க" என்றாள்.

ஏற்ற இடமில்லை.
நடுவர் ஸ்ட்ரூப் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.
அவள் தம்பி லூஷியஸ்
கம்பின் ஒரு நுனியைப் பேசாமல் தூக்கினான்.
மறுநுனிக்கு ஆள் வேண்டும்.
பக்கத்தில் நின்றவன் நான்,
வயது பதினொன்று, வெள்ளைக்காரத் தச்சன் மகன்,
தூண்களைத் திருப்பி எடுத்துப்போக வந்தவன்.

உச்சந்தலைமேல் முஷ்டி, முஷ்டிமேல் கம்பு.
குதிகாலையும் உயர்த்தினேன்.
யாரும் சொல்லவில்லை.
அவள் ஓடி வந்தாள்.
வெறும் பாதங்கள் என் கண்ணுக்கு மேலே கடந்தன.
அடியில் செம்மண், ஒரு முள் கீறல்.
கம்பு என் கையிலேயே இருந்தது.

"கம்பைத் தாழ்த்தினீங்களாடா?"
இல்லை என்றான் லூஷியஸ்.
ஸ்ட்ரூப் என்னைப் பார்த்தார். என்னை மட்டும்.
தோள் வலித்தது. குதிகால் தரையில் இருந்தது.
எப்போது இறங்கியது,
அவள் தாண்டும் முன்பா, தாண்டிய பின்பா?
யோசித்துக்கொண்டே நின்றேன்.
அவருக்கு அது போதும்.
நான்கடி பத்து என்று எழுதி மூடினார்.

ஆர்லீன் என்னை ஒன்றும் சொல்லவில்லை.
கயிற்றை அவிழ்த்து, சுருட்டி,
தம்பியின் பையில் வைத்தாள்.
பருத்தி எடுப்பு முடிந்ததும்
அவர்கள் கன்சாஸ் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி.

அந்தத் தாண்டலுக்கு இன்றைக்கு
ஒரே அளவுகோல் என் பதினோரு வயது உடம்பு.
சமையலறைக் கதவு நிலையில்
என் பிறந்தநாள்தோறும் அம்மா பென்சில் கோடு போட்டாள்.
வீடு கைமாறியது. நிலைமேல் பச்சைப் பெயிண்ட்.
ஒருமுறை போய்க் கேட்டேன்.
சுரண்டிப் பார்க்க விடவில்லை.

ஒரு கோடு. ஒரு முஷ்டி.
ஒரு குதிகால், அது மேலே இருந்திருந்தால்.
கூட்டிக்கூட்டிப் பார்க்கிறேன்,
குதிகாலில் வந்து நின்றுவிடுகிறது கணக்கு.