மூன்றாவது வார்டு, சுயேச்சை

பச்சை அவர்களுடையது. சிவப்பு இவர்களுடையது.
மஞ்சளுக்கும் நீலத்துக்கும்கூட
ஆள் இருக்கிறது பள்ளிப்பட்டில்.
பீரோவைக் கவிழ்த்ததில்
யாருக்கும் சொந்தமில்லாமல் கிடைத்தது
கத்தரிப்பூ நிறத்தில் ஒன்று,
நாத்தனார் கல்யாணத்துக்குப் புத்தூரில் எடுத்தது.

பக்கத் தையலைப் பிரித்தும்
ரவிக்கை போதவில்லை. இரண்டு ஊக்கு.
முந்தானை மறைத்துவிடும்.

“கொஞ்சம் நவ்வம்மா” என்றார் முனிரத்தினம்.
பல் தெரிந்தால் ஓட்டு குறையாதா என்று
தெலுங்கிலேயே கேட்டேன்.
அவர்தான் சிரித்தார்.

திரையில் என் முகத்தைப் பெரிதாக்கி
நெற்றித் தழும்பை
அழித்துவிடட்டுமா என்கிறார்.

குழாயடியில் குடம் பட்டது.
அன்றைக்கு வரிசையில்
எப்படியும் அறுபது பேர் இருந்திருப்பார்கள்.

இருக்கட்டும் என்றேன்.
பவுடரைத் துடைத்துக்கொண்டு வருகிறேன்,
இன்னொன்று எடுங்கள்.