பிசிறு

ஓவர்லாக்கில் சுகந்தியின் ஊசி
நகத்தில் இறங்கி உடைந்த ராத்திரி
முக்கால் துண்டு மிஷினிலேயே நின்றது.
கால் துண்டைக் காணோம்.

உடைந்த ஊசியின் எல்லாத் துண்டையும்
நோட்டில் ஒட்டிக் கையெழுத்துப் போடணும்.
ஜெர்மனியில் எந்தக் குழந்தையையும்
அது குத்திவிடக் கூடாது, சரிதான்.
காந்தத்தை உருட்டித் தரையைத் தேடினார்கள்
கட்டுக்கட்டாய்ப் பிரித்துத் துணியைத் தேடினார்கள்
கையைத் தூக்கிப் பிடித்தபடி
"இங்கதானுங் இருக்குது" என்று
சுகந்தி சொல்லிக்கொண்டே இருந்தாள்
நாற்பது நிமிடம்.

நான் எழுதினது ரெண்டே வரி.
*தேடு தேடு ஊசித்துண்டத் தேடு
தெச்சவ வெரலுதான் அதுக்கிப்ப வீடு.*
வளர்மதி பாலத்தடியில்
தீபன் காலிச் சாய டிரம்மைத் தட்ட
தொண்டை கிழியக் கத்தினேன்.
நொய்யலில் அன்றைக்குக் கத்தரிப்பூ நிறம்.
முப்பது பேர் நின்றார்கள்
அதில் பாதி, பஸ்ஸுக்கு.

யாரோ எடுத்த வீடியோ
சென்னைக்குப் போய்ச் சேர்ந்தது.
கண்ணாடி அறைக்குள் ஒருவர் சொன்னார்:
குரல்ல பிசிறு இருக்கு, எடுத்துரலாம்.
ரெண்டாவது வரி பிராண்டுக்கு ஆகாது.
*தேடு தேடு சைஸு பாத்துத் தேடு
நம்ம பனியன் போட்டா ஊரே உன் வீடு.*

முடியாதென்று சொன்னதாக
இங்கே எழுத ஆசைதான்.
அறுபதாயிரம்.
மூணு மாத வாடகை, குழுத் தவணை,
தீபனுக்கு ஒரு நல்ல மைக்.

இப்போது அது மினிபஸ்ஸில் ஓடுகிறது
அவிநாசியில் ஒரு கல்யாணத்தில்
சுகந்தியின் மகன் அதற்குத்தான் ஆடினான்.
மடங்காத விரலோடு அவளும் கைதட்டினாள்.
"உன்ற பழைய பாட்டுக்கு
எவ ஆடுவா?" என்றாள்.
பதில் இல்லை என்னிடம்.
ஆடவேண்டாமென்றா எழுதினேன்?

நேற்று செக்கிங் டேபிளுக்கு
லோக்கல் ஆர்டர் வந்தது, எண்ணூறு பீஸ்.
கறுப்பு டி-ஷர்ட், நெஞ்சில் வெள்ளைப் பிரிண்ட்:
தேடு தேடு.
பிசிறு வெட்டுவதுதான் என் வேலை.
கழுத்து, கை, அடிமடிப்பு, வெட்டினேன்.
பழுதைக் காட்ட
சிவப்பு அம்பு ஸ்டிக்கர் உண்டு எங்களிடம்.
எழுத்துக்குக் கீழே
வெறும் கறுப்பில்
ஒன்று ஒட்டினேன்.

சூப்பர்வைசர் பொன்னுரங்கம்
வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"ஓட்டையில்ல, கறையில்ல.
என்னம்மிணி டேமேஜு?"

"ஒரு வரி உட்டுப்போச்சுங்."

சிரித்தார். உரித்து
டேபிள் ஓரத்தில் ஒட்டிவிட்டு
ஓகே பக்கம் போட்டார்.

மிச்சம் எழுநூற்றுச் சொச்சம்.
ஸ்டிக்கர் ரோலில் இன்னும் நிறைய இருந்தது.
அடுத்த பீஸை இழுத்தேன்.
அவர் டீக்குப் போகும் நேரம்தான்.